படத்தில் ஆள் இருக்கிறார், அவர் குரல் எங்கே?



போன நோன்பில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவதை நம் பிள்ளைகள் போனில் எடுத்துப் போட்டிருந்தார்கள். நல்ல படம். மேலே ஒரு நஷீத் ஓடியது. பானையைக் கிண்டும் நானா வாய்க்குள் ஏதோ சொல்கிறார், என்னவென்று கேட்கவில்லை. இந்தக் குறை 90 வருடம் பழசு.

1934இல் பெசில் ரைட் 'சோங் ஒஃப் சிலோன்' எடுத்தார். பணம் தேயிலைப் பிரசார சபையுடையது. இங்கே எடுத்தது ஊமைப் படம்தான். ஒலியை லண்டனில் சேர்த்தார்கள். கண்முன் கிராமத்தவர் வேலை செய்கிறார்கள், கும்பிடுகிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்வதோ லயனல் வென்ட்டின் குரல். அவர் வாசித்தது 1681இல் வெளியான ரொபட் நொக்ஸின் புத்தகம். நொக்ஸ் கண்டி அரசில் 19 வருடம் கைதியாக இருந்தவர். 250 வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரர் கண்டதை 1934ஆம் ஆண்டு மனிதர்மேல் போர்த்திவிட்டார்கள். படத்தின் அழகை மறுக்க முடியாது. ஆனால் மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த தோட்டத் தமிழ் மக்களின் கதை அதில் இல்லை. அந்தத் தேயிலை அவர்கள் கையால் வந்தது.

1960 வாக்கில் தோளில் தூக்கும் கமராவும், கூடவே ஒலியைப் பதியும் கருவியும் வந்தன. ஊரோடு இருந்து, குறுக்கே பேசாமல் கவனிக்கும் மானிடவியலாளரின் வேலையைக் கமராவும் செய்யலாம் என்றானது. 1973இல் இங்கிலாந்தின் கிரனடா தொலைக்காட்சிக்காக சார்ளி நேர்ன் கதிர்காமம் பற்றிப் படம் எடுத்தார். கூட இருந்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. நம் மாவட்டத்துக்கு அவர் அந்நியர் அல்லர். 1950களின் கடைசியில் லக்கலையில் கள ஆய்வு செய்தவர். அந்தப் படம் 11 வயது மகனைக் காணாமல் தேடும் ஒரு குடும்பத்தின் பின்னால் போகிறது. அந்தத் தெய்வத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பிள்ளையைத் தேடும் தாய் நமக்கு விளங்குவாள். துயரத்தில் இருப்பவர் வீட்டில் கமராவோடு நிற்கலாமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அவர்கள் சம்மதித்தாலும் அது அமானிதம்தான்.

அடுத்த நோன்புக்குப் பாட்டை விட்டுவிட்டு, நானாவிடம் கேட்டுக்கொண்டு, பானைக்குப் பக்கத்தில் போனை வைப்போம். பிறகு அவரிடம் விசாரித்தோம். அரிசி வேகும்வரை ஸலவாத்து எண்ணிக்கொண்டிருந்தாராம்; அவருக்கு அதுதான் மணிக்கூடு.