வரத்துக்காலின் தர்மம்

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூர் வட்டாரம், ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி நிரம்பும் சங்கிலித்தொடர் ஏற்பாட்டிலே பன்னெடுங்காலம் வாழ்ந்தது. அவ்வேரிகளின் உபரி நீர், சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்தை அடைகிறது. ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக்காலைத் தூர் வாரிக் காப்பது ஊரார் அனைவருக்கும் பொதுவான கடமையாயிருந்தது. குடிமராமத்து என்னும் அவ்வழக்கத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டமும் வற்புறுத்திற்று.

1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் தொழிற்சாலை எழுந்தபின் வயல்கள் சுருங்கின. எனினும் மழைநீர் பழைய பள்ளத்தையே நாடுகிறது. கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு நிலையத்தில் முடியும். மழைநீர் வடிகாலோ, தன்னில் விழுந்த எண்ணெயையும் அமிலத்தையும் அப்படியே அப்பள்ளத்தின் வழியே நீர்நிலையில் சேர்த்துவிடும். இவ்வாறு நீர்நிலையில் நச்சுப் பொருள் கலப்பதை 1974ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குற்றமாக்கிற்று. அதனை நிறைவேற்றத் தமிழ்நாட்டில் 1982இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது.

மழைநீர் வடிகாலில் கழிவை மறைவாக விடும் களவைக் கண்டறியும் உபாயம் எளியது: பல நாள் மழையற்ற பங்குனி வெயிலில் வடிகாலில் நீர் ஓடி, அதன்மேல் எண்ணெய்ப் படலம் பல வர்ணம் காட்டுமாயின், ஓட்டத்தை எதிர்த்து நடந்து, மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் கள்ளக் குழாயின் வாய் அகப்படும். முன்னோர் வரத்துக்காலுக்குச் செய்த அந்தக் காவலை, வாரியமும் ஊராட்சியும் தொழிலதிபரும் ஒருங்கே ஏற்பதே இன்றைய குடிமராமத்து.