கடைசிப் பத்து மீட்டர்

விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். அமெரிக்காவில் வேர்கொண்டு வளர்ந்த டிஸ்க் கோல்ஃப் விளையாட்டின் கதையும் அவ்வாறே சொல்லப்படுகிறது. அவ்விளையாட்டில் மிக மெதுவாகப் பறக்கும் வட்டு ஒன்று உண்டு. அதற்குப் புட்டர் என்று பெயர். எந்தப் புட்டரை வாங்குவது என்று கேட்கும் புதியவருக்குக் கடைக்காரரின் பட்டியலைக் காட்டிலும் அவ்வட்டின் வரலாறே நல்ல விடை தரும் என்பது நம் எண்ணம். (டிஸ்க் என்பதற்கு வட்டு என்னும் சொல்லையே ஆள்கிறோம். வட்டெறிதல் என்று நம் பள்ளி மைதானங்களில் இன்றும் வழங்கும் சொல்தான் அது.)

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பந்துக்கும் மட்டைக்கும் மாற்றாக இங்கே வட்டு. குழிக்கு மாற்றாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. வட்டு விழுந்த இடத்தருகே நின்று அடுத்த எறியை எறிய வேண்டும். குறைந்த எறிகளில் முடிப்பவரே வென்றவர். தொலைவு கடக்க டிரைவர், இடைத்தொலைவுக்கு மிட்ரேஞ்ச், கூடையை நெருங்கவும் அதனுள் இடவும் புட்டர் என வட்டுகள் மூவகைப்படும்.

வட்டின் பிறப்பு அடுமனையை ஒட்டியது. 1938இல் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் கேக் சுடும் தகரத்தட்டை எறிந்து விளையாடிக்கொண்டிருந்த ஃபிரெட் மாரிசனிடம், ஐந்து சென்ட் பெறுமான அத்தட்டுக்கு இருபத்தைந்து சென்ட் தர ஒருவர் முன்வந்தார். அதில் வணிகத்தைக் கண்ட மாரிசன், பின்னாளில் பிளாஸ்டிக்கில் வட்டு வார்த்தார். அவருடைய புளூட்டோ பிளாட்டரை 1957இல் வாம்-ஓ நிறுவனம் வாங்கி, ஃபிரிஸ்பீ என்று பெயர் மாற்றியது. பிரிட்ஜ்போர்ட் நகரின் ஃபிரிஸ்பி பை நிறுவனத்துத் தகரத்தட்டுகளை மாணவர்கள் எறிந்து விளையாடியதன் எதிரொலி அப்பெயர். அக்கால வட்டுகளின் விளிம்பு மழுங்கியது, உருண்டது, கைக்கு அடங்கியது.

1964இல் அந்நிறுவனத்தில் சேர்ந்த எட் ஹெட்ரிக், வட்டின் மேற்பரப்பில் வளைய வரிகளை இட்டு அதன் பறப்பை நிலைப்படுத்தினார். 1967இல் காப்புரிமை பெற்றார். 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அவர் அமைத்த ஆடுகளத்தில் முதலில் கம்பங்களே இலக்கு. வட்டு கம்பத்தைத் தொட்டதா, இல்லையா என்னும் வழக்கு அப்போது ஓயாதது. அதைத் தீர்க்கவே சங்கிலியும் கூடையும் கொண்ட இலக்கை வடிவமைத்து, 1977இல் அதற்கும் காப்புரிமை பெற்றார். 2002இல் மறைந்த அவருடைய சாம்பலை, அவர் விருப்பப்படியே, பிளாஸ்டிக்கில் கலந்து வட்டுகளாக வார்த்தனர்.

இந்தக் கூடை ஆட்டத்தின் இயல்பையே மாற்றியது என்பது நம் கருத்து. தொட்டால் போதும் என்றிருந்த இலக்கு, தங்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. வேகமாக வரும் வட்டு நடுக்கம்பத்தில் மோதித் தெறிக்கும். சில வேளைகளில் சங்கிலிகளை ஊடுருவி மறுபுறம் போய்விடும். மெதுவாக வரும் வட்டோ சங்கிலியில் தளர்ந்து கூடைக்குள் விழும்.

இதற்கு நேரெதிர்த் திசையில் 1983இல் ஒரு திருப்பம். டேவ் டனிபேஸ் விளிம்பைச் சரிவாகச் சீவிய ஈகிள் என்னும் வட்டை உருவாக்கினார். இன்னோவா நிறுவனமும் அவ்வாண்டே தோன்றியது. கூர்விளிம்பு காற்றைக் கிழித்தது, தொலைவுகள் நீண்டன. ஆனால் கூர்விளிம்பு வட்டுக்கு வலிய வீச்சு வேண்டும். மெல்ல எறிந்தால், வலக்கையால் புறங்கை வீச்சு வீசுவோருக்கு அது இடப்புறம் சரிந்து விழும். ஆகவே பழைய மழுங்கிய விளிம்பு மறையவில்லை, புட்டரில் குடிபுகுந்தது.

ஆட்டவிதியும் இதற்குத் துணைநின்றது. கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் எறிபவர், எறிந்தபின் உடல் சமநிலையைக் காட்டிய பிறகே முன்னால் அடிவைக்கலாம். ஓட்டமும் பாய்ச்சலும் அங்கே உதவா. குறைந்த விசையிலும் நேராகச் செல்லும் வட்டே அங்கு வேண்டும். 1980களில் வந்த இன்னோவாவின் ஏவியார் இதற்கு நல்ல சான்று. வேகம் 2, மிதப்பு 3, தொடக்கத் திருப்பம் 0, இறுதிச் சரிவு 1 என்பன அதன் பறப்பெண்கள். ஒவ்வொரு சென்டிமீட்டர் விட்டத்துக்கும் 8.3 கிராம் என்னும் எடை வரம்பின்படி, 21.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள அவ்வட்டு ஏறத்தாழ 176 கிராம் வரை இருக்கலாம்.

இனித் தேர்வு. கூடையுள் இடுவதற்கான புட்டரைக் கையே தேர்ந்தெடுக்க வேண்டும். விளிம்பின் ஆழம் விரல்களுக்குப் பொருந்துகிறதா? விளிம்பின் அடியில் ஓடும் மணி போன்ற புடைப்பு இதமாக உள்ளதா, உறுத்துகிறதா? விலை குறைந்த அடிப்படைப் பிளாஸ்டிக் விரைவில் தேயும். ஆனால் கையில் நன்றாகப் பற்றும். பெரும்பாலும் சங்கிலியை மட்டுமே சந்திக்கும் வட்டுக்கு அது போதும்.

நெருங்கும் எறி வேறு. அவ்வட்டு தரையிலும் மரத்திலும் மோதும். எதிர்காற்றையும் தாங்க வேண்டும். எனவே உறுதியான பிளாஸ்டிக்கும் சற்றுக் கூடுதல் இறுதிச் சரிவும் நன்று. இன்னோவாவின் ரைனோவுக்கு மிதப்பு 1, சரிவு 3. மிதந்து அப்பால் போகாமல், விழ வேண்டிய இடத்தில் விழும் குணம் அது. இரண்டு வடிவங்கள் குழப்பம் தரும் என்று அஞ்சுவோர் ஒரே அச்சில் இரண்டு வாங்கலாம்: இடுவதற்கு மென்மையானது, நெருங்குவதற்கு உறுதியானது.

பன்னிரு முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயரெழுத்துகளைத் தாங்கிய கேசி ஏவியாரை, அப்பெயருக்காகவே வாங்கியோர் பலர். அதில் பிழையில்லை. ஆனால் அவர் கை அவருடையது; நம் கை நம்முடையது. கடைசிப் பத்து மீட்டரில் தவறும் ஓர் எறிக்கும், நூறு மீட்டர் பறந்த ஓர் எறிக்கும் ஆட்டக் கணக்கில் ஒரே மதிப்பு. ஆண்டுக்கொரு புட்டர் மாற்றுபவர் ஆண்டுதோறும் கையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். ஒன்றைத் தேர்ந்து, அதன் விளிம்பு தேயும்வரை அதனோடு இருப்பவருக்கே அந்தப் பத்து மீட்டர் வசப்படும்.