தேய்ந்த பற்களின் சாட்சியம்: ரெட்ஹெஃபர் இயந்திரச் சோதனை (1812–1813)

எரிபொருளோ நீர்விசையோ இன்றி இயங்குவதாகக் காட்டப்பட்ட இயந்திரங்களின் வரலாறு பெரும்பாலும் ஏமாற்றியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அவற்றைச் சோதித்தவர்கள் எதைக் காண அனுமதிக்கப்பட்டனர், எதனால் ஐயம் கொண்டனர் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1812இல் சார்லஸ் ரெட்ஹெஃபர் காட்சிக்கு வைத்த நிரந்தர இயக்க இயந்திரம் அந்த வகையில் கவனத்துக்குரியது.

சாய்தளங்களில் அமைந்த எடைகளின் அழுத்தத்தால் செங்குத்து அச்சு ஓயாமல் சுழல்கிறது என்பதும், அதனுடன் இணைந்த பெரிய பல்சக்கரம் அருகிலுள்ள சிறிய பல்சக்கரத்தை இயக்குகிறது என்பதும் அவர் கூற்று. மக்கள் கட்டணம் செலுத்திப் பார்த்தனர். அத்துடன் நின்றிருந்தால் அது ஒரு வேடிக்கைக் காட்சியாகவே முடிந்திருக்கும். ஆனால் அவர் பென்சில்வேனிய அரசிடம் பொருளுதவி கோரினார். பொதுப்பணம் பற்றிய கேள்வி எழுந்ததும் சோதனை தவிர்க்க இயலாததாயிற்று. 1813 ஜனவரி 21 அன்று ஆய்வாளர் குழு சென்றபோது அறை பூட்டிக் கிடந்தது. சாவி இல்லை என்றனர். கம்பியிட்ட சன்னல் வழியாகவே இயந்திரத்தைக் காண முடிந்தது.

ஆற்றல் அழியா விதி அப்போது வகுக்கப்படவில்லை. பாரிசு அறிவியல் கழகம் இத்தகைய கோரிக்கைகளை இனி ஆராய்வதில்லை என 1775இலேயே முடிவு செய்திருந்தது. எனினும் ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் பணிகள் 1840களில்தான் வெளிவந்தன. கோட்பாட்டை மட்டும் காட்டி மறுப்பதற்கு 1813இல் இடம் குறைவு. மறுப்பு வேறு திசையிலிருந்து வந்தது.

குழுவிலிருந்த நேதன் செல்லர்ஸ் தம் மகன் கோல்மனை உடன் அழைத்துச் சென்றிருந்தார். கோல்மன் சக்கரப் பற்களின் தேய்மானத்தைக் கவனித்தார். இரு பல்சக்கரங்கள் இணைந்து சுழலும்போது இயக்கும் சக்கரத்தின் பற்கள் சுழலும் திசையை நோக்கிய முகத்தில் தேயும். இயக்கப்படும் சக்கரத்தின் பற்கள் எதிர்முகத்தில் தேயும். ரெட்ஹெஃபரின் சக்கரங்களில் தேய்மானம் தலைகீழாக இருந்தது. அதாவது, இயந்திரம் சிறிய சக்கரத்தை இயக்கவில்லை. சிறிய சக்கரமே மறைவான ஒரு விசையால் சுழன்று இயந்திரத்தை இயக்கியது. பூட்டிய அறையும் சன்னல் கம்பியும் மறைக்கத் தவறிய தடயம் இது.

அடுத்து செல்லர்ஸ் செய்தது இன்னும் நுட்பமானது. வெளிப்படையாகக் குற்றம் சாட்டாமல், ஐசையா லூக்கன்ஸ் என்ற கடிகாரக் கலைஞரைக் கொண்டு அதேபோன்ற ஓர் இயந்திரத்தைச் செய்வித்தார். உள்ளே மறைந்திருந்த கடிகாரப் பொறியே அதனை இயக்கியது. பார்வையாளர் கண்ணுக்கோ அது தானாகச் சுழன்றது. தருக்க நோக்கில் இப்படி ஒரு போலியைச் செய்து காட்டியதால் ரெட்ஹெஃபர் மோசடி செய்தார் என்பது நிறுவப்படாது. பார்வையாளர் 'கண்டேன்' என்று கூறுவது சான்றாகாது என்பதை மட்டுமே அது நிறுவுகிறது. ஐயத்தின் எல்லையைச் சரியாக உணர்ந்த செயலாக இதனைக் கொள்ளலாம்.

அதே ஆண்டில் ரெட்ஹெஃபர் நியூயார்க்கில் இயந்திரத்தைக் காட்டியபோது, நீராவிப் படகால் புகழ்பெற்ற ராபர்ட் ஃபுல்டன் அதன் சுழற்சியில் சீரின்மையைக் கேட்டறிந்தார். கையால் சுற்றப்படும் கைப்பிடி ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறையும். ஓசையும் அவ்வாறே மாறும். சேதத்துக்கு ஈடு தருவதாகக் கூறிப் பலகைகளைப் பெயர்த்தபோது, சுவரினூடே சென்ற நரம்புக் கயிறு மேல்மாடி அறைவரை நீண்டிருந்தது. அங்கே முதியவர் ஒருவர் ரொட்டித் துண்டைத் தின்றபடி கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கூட்டம் இயந்திரத்தை உடைத்தது.

பிற்கால நூல்கள் இந்த நாடகக் காட்சியையே விரும்பி எடுத்துரைக்கின்றன. ஆனால் சான்றுகளின் தரம் ஒன்றல்ல. ஃபுல்டன் நிகழ்ச்சி, 1817இல் அவர் வரலாற்றை எழுதிய நண்பர் கோல்டன் வழியே தெரிய வருகிறது. நாயகனைப் போற்றும் நூலின் இயல்பு அதில் உண்டு. கோல்மனின் கண்டுபிடிப்போ, பல பத்தாண்டுகளுக்குப் பின் அவர் மகன் ஜார்ஜ் எஸ்கோல் செல்லர்ஸ் எழுதிய நினைவுக் குறிப்புகளைச் சார்ந்தது. குடும்பப் பெருமை அதிலும் கலந்திருக்கக்கூடும். இருப்பினும் பற்களின் தேய்மானம் பற்றிய வாதம் சொல்பவரின் நம்பகத்தன்மையை மட்டும் நம்பியிருப்பதன்று. பல்சக்கரங்களை அறிந்த எவரும் அதன் பொருத்தத்தைச் சரிபார்க்கலாம்.

ரெட்ஹெஃபர் 1820இல் காப்புரிமையும் பெற்றார். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமை என்பது பதிவு மட்டுமே. கருவி இயங்குமா என எவரும் ஆராய்வதில்லை. காப்புரிமை அலுவலகத்தில் 1836இல் நேர்ந்த தீவிபத்தில் பழைய ஆவணங்கள் அழிந்தன. லூக்கன்ஸ் செய்த போலி இயந்திரம் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.