கூண்டும் கனவும்: ஒரு முன்னோட்டப் படத்தின் வரலாறு

படைப்பு ஒன்று மறுக்கப்படுவதும், மறுக்கப்பட்டது பின்னொரு காலத்தில் போற்றப்படுவதும் கலை உலகிற்குப் புதியன அல்ல. ஆயின், மறுக்கப்பட்ட படைப்பு தனக்குப் பின் வந்த படைப்பின் உள்ளே புகுந்து, ஒரு காட்சியும் மாறாமல், தன் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டு வெளிப்படுவது அரிது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' என்னும் அறிவியல் புனைகதைத் தொடரின் முதல் முன்னோட்டப் படம் அத்தகைய வரலாறு உடையது. 'த கேஜ்' என்பது அதன் பெயர்; தமிழில் 'கூண்டு' எனலாம். கற்பனை மனிதனுக்குச் சிறையா, புகலிடமா என்பதே அப்படம் எழுப்பிய வினா. கற்பனையைத் தொழிலாகக் கொண்ட கவிஞர் எவரும் அவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது.

தோற்றம்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒரு தொடரை வாங்குவதற்கு முன் மாதிரிக்கென ஒரு பகுதியை மட்டும் படமாக்கச் செய்து பார்ப்பது வழக்கம். தொழில்துறையினர் இதனைப் 'பைலட்' என்பர். 'ஸ்டார் டிரெக்' தொடருக்கான திட்டத்தை 1964 மார்ச்சில் எழுதியவர் ஜீன் ராடன்பெரி (1921-1991). இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையில் பணிபுரிந்தவர். 1956இல் அப்பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானவர். நகைச்சுவை நடிகை லூசில் பால் தலைமையில் இயங்கிய டெசிலு படப்பிடிப்பு நிறுவனம் அவரது திட்டத்தை ஏற்றது. என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் முன்னோட்டப் படத்திற்கு இசைவு தந்தது. ராபர்ட் பட்லர் இயக்கத்தில் 1964 நவம்பர் 27ஆம் நாள் படப்பிடிப்பு தொடங்கியது. ஆறு லட்சம் டாலருக்கும் மேல் செலவானது. அந்நாளைய தொலைக்காட்சிக்கு அது மிகப் பெருந்தொகை.

கதை

எண்டர்பிரைஸ் என்னும் விண்கப்பலின் தலைவன் கிறிஸ்டோபர் பைக். அண்மையில் நிகழ்ந்த ஒரு மோதலில் தன் கீழ் இருந்தோர் சிலரைப் பறிகொடுத்த அவன், கட்டளையிடும் பொறுப்பில் சலிப்புற்றிருக்கிறான். பதவி விலகிச் சொந்த ஊரில் குதிரைகளோடு வாழலாமா, தொலைதூரக் கோளொன்றில் வணிகம் செய்யலாமா என்று கப்பலின் மருத்துவரிடம் மனம் திறக்கிறான். அந்நேரம், 18 ஆண்டுகளுக்கு முன் விபத்துக்குள்ளான ஒரு கலத்திலிருந்து உதவி வேண்டும் குறிப்பு வருகிறது. டாலோஸ் விண்மீனின் நான்காம் கோளில் இறங்குகிறார்கள். உயிர் தப்பியோராகத் தோன்றிய முதியவர்கள் நொடியில் மறைகின்றனர், அவர்கள் வெறுந்தோற்றங்கள். பைக் மட்டும் நிலத்தடியில் உள்ள கூண்டில் அடைபடுகிறான்.

அவனை அடைத்தவர்கள் பெருந்தலையும் மெலிந்த உடலும் கொண்ட ஓர் இனத்தார். தொன்மைக் காலத்துப் போரொன்றில் தம் கோளின் மேற்பரப்பு பாழாகவே நிலத்தடியில் ஒதுங்கியவர்கள். அங்கே மன ஆற்றலை வளர்த்து, பிறர் உள்ளத்தில் எத்தகைய காட்சியையும் உண்மை போல் தோற்றுவிக்கக் கற்றார்கள். அந்த ஆற்றலே அவர்களுக்குப் போதைப்பொருள் ஆயிற்று. முன்னோர் விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பழுதுபார்க்கவும் மறந்து, கூண்டில் அடைத்த உயிர்களின் நினைவுகளைக் காட்சிகளாகக் கண்டு களிப்பதே அவர்தம் வாழ்வாகிவிட்டது. வீனா என்னும் பெண்ணோடு பைக்கை இணைத்து ஒரு மனிதக் குடியை உருவாக்கி, பாழ்பட்ட மண்ணைத் திருத்த அதனை ஏவலாகக் கொள்வது அவர்களது நோக்கம்.

பைக்குக்கு அவர்கள் காட்டும் மாயைகள் எங்கிருந்தோ வந்தவை அல்ல. முன்னர் நிகழ்ந்த மோதல், குதிரைகள் நிற்கும் சொந்த ஊர்ப் புல்வெளி, வணிகனாக வாழும் அயற்கோள் என அவன் மருத்துவரிடம் சொன்னவையே வரிசையாக அவன் முன் விரிகின்றன. ஒவ்வொன்றிலும் வீனா வெவ்வேறு உருவில் நிற்கிறாள். மனிதனைப் பிணிக்கும் கயிறு அவன் விருப்பத்தினின்றே திரிக்கப்படுகிறது என்பதைப் படம் விளக்கவுரை ஏதுமின்றி இவ்வாறு காட்டுகிறது.

பைக் இணங்கவில்லை. இன்பமாயினும் சிறை சிறையே என்பதில் அவன் உறுதியாக நிற்கிறான். அவனைத் தொடர்ந்து அடைபட்ட பெண் துணைத்தலைவி, அடிமைக் குடியாவதினும் அனைவரும் மடிவது மேல் என முடிவு செய்து, தன் ஆயுதத்தை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறாள். இவ்வினம் அடிமைக்கு உதவாது எனக் கண்ட காப்பாளர்கள் கூண்டைத் திறந்துவிடுகின்றனர்.

வீனா மட்டும் உடன் செல்லவில்லை. மாயை விலகியபோது அவள் உண்மை உருவம் தெரிகிறது. விபத்தில் சிதைந்த அவள் உடலை அக்கோளினர் காப்பாற்றினர். ஆனால், மனித உருவை அதற்குமுன் கண்டிராத காரணத்தால் முறையாகப் பொருத்த அறியவில்லை. முதுமையும் ஊனமும் உற்ற அவளுக்கு இளமைத் தோற்றத்தை மீண்டும் அளிக்கும் காப்பாளர், பைக்கின் மாய உருவையும் அவளுக்குத் துணையாக்குகிறார். அவ்விருவரும் சேர்ந்து நிலத்தடிக்கு ஏகும் காட்சியைக் கண்டுவிட்டு, உண்மைப் பைக் தன் கப்பலுக்குத் திரும்புகிறான்.

மறுப்பு

முடிவுற்ற படம் 1965 பிப்ரவரியில் என்.பி.சி. அலுவலர்களுக்குக் காட்டப்பட்டது. அறிவுக்கு மிகையாக வேலை தருகிறது, செயல் விறுவிறுப்பு போதாது என்பன அவர்கள் கூறிய குறைகளுள் முதன்மையானவை. பெண் ஒருத்தியைத் துணைத்தலைவியாக ஏற்க நிறுவனம் மறுத்ததாக ராடன்பெரி பிற்காலத்தில் கூறிவந்தார். தொடரின் தயாரிப்பில் பங்குகொண்ட ஹெர்பர்ட் சோலோ, ராபர்ட் ஜஸ்ட்மன் இருவரும் 1996இல் வெளியிட்ட நூல் இதனை ஏற்கவில்லை. நிறுவனம் மறுத்தது அவ்வேடத்தில் நடித்த மேஜல் பாரெட்டையே அன்றிப் பெண் தலைமையை அன்று என்பது அவர்கள் கூற்று. படைத்தவர் சொல்லும் வரலாற்றையும் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ளவேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இம்மறுப்பில் ஒரு முரண் உண்டு. 1965இல் அமெரிக்க வீடுகளில் பத்துக்கு ஒன்பதற்கும் மேற்பட்டவற்றில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. செயலை மறந்து, பிறர் வாழ்வைக் காட்சியாகக் கண்டே தேய்ந்துபோன ஓர் இனத்தைப் பற்றிய கதை, காட்சி விற்கும் நிறுவனத்திடமே விலை கூறப்பட்டது. அலுவலர்கள் அதனை உணர்ந்து மறுத்தனர் என்பதற்குச் சான்றில்லை. உணராமலே மறுத்தனர் என்றாலும் முரண் குறையவில்லை.

என்.பி.சி. கதவை முற்றாக அடைத்துவிடவில்லை. வழக்கத்திற்கு மாறாக இரண்டாம் முன்னோட்டப் படமொன்றைக் கேட்டது. பைக்காக நடித்த ஜெஃப்ரி ஹன்டர் அதில் நடிக்க உடன்படவில்லை. வில்லியம் ஷாட்னர் கர்க் என்னும் புதிய தலைவனானார். முதற்படத்துப் பாத்திரங்களுள் எஞ்சியது லியோனார்டு நிமாய் ஏற்ற ஸ்பாக் மட்டுமே. 'கூண்டு' படத்தில் அயற்கோளின் இசைக்கும் செடியைத் தொட்டு முகம் மலரச் சிரிக்கும் ஸ்பாக், பின்னர் உணர்ச்சி காட்டாதவனாக வார்க்கப்பட்டான். விலக்கப்பட்ட துணைத்தலைவியின் சலனமற்ற இயல்பே அவனிடம் வந்து சேர்ந்தது. நீக்கப்பட்ட அடி ஒன்றின் ஓசை அடுத்த அடியில் ஒலிப்பதைக் கவிஞர் அறிவர்.

மீட்சி

தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் ஒளிபரப்பாகத் தொடங்கியது. சில வாரங்களில் புதிய பகுதிகளை உரிய நாளில் முடிக்க இயலாத நெருக்கடி ஏற்பட்டது. கைவசம் இருந்த 'கூண்டு' படத்தை உள்ளே வைத்து, அதனைச் சுற்றிப் புதுக்கதை பின்னினார் ராடன்பெரி. 'த மெனாஜரி' என்னும் அந்த இருபகுதிக் கதை 1966 நவம்பர் 17, 24 ஆகிய நாள்களில் ஒளிபரப்பானது. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது 1967இல் அதற்குக் கிடைத்தது.

புதுக்கதை 13 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்வது. பயிற்சி மாணவர்களைக் கதிர்வீச்சினின்று காக்கச் சென்ற பைக், பேச்சும் அசைவும் இழந்து, சக்கர வண்டியில் அமர்ந்து, ஒளிரும் விளக்கொன்றால் ஆம், இல்லை என மட்டும் விடைதரும் நிலையில் இருக்கிறான். ஸ்பாக் தன் பழைய தலைவனை, சென்றால் மரண தண்டனை என விதிக்கப்பட்டிருந்த அதே கோளுக்குக் கப்பலைக் கைப்பற்றிக் கொண்டுசெல்கிறான். அதற்காக அவன்மேல் நிகழும் விசாரணையில் சான்றாகத் திரையிடப்படுவது பழைய படமே.

முடிவில் பைக் கூண்டுக்குத் திரும்பத் தானே இசைகிறான். உடல் நலமுற்ற பைக்கும் இளமையுற்ற வீனாவும் கைகோத்து நிலத்தடிக்குச் செல்வதைக் கர்க் காண்கிறான். அது 1964இல் எடுத்த அதே காட்சி. அன்று வீனாவின் தனிமைக்கு ஆறுதலாக அளிக்கப்பட்ட மாய உருவம், இன்று உண்மைப் பைக்கின் விடுதலை ஆகிறது. ஒரே படச்சுருள், ஒரே நடிகர்கள், பொருளோ தலைகீழ். முதற்படம் மாயையை மறுத்து எழுந்த மனிதனைப் பாடியது. இரண்டாவது, மாயையைத் தேர்ந்த மனிதனைக் குற்றம் சொல்லவில்லை.

இவ்விரண்டும் முரண்பட்டவை போல் தோன்றினும் வீனாவை நோக்கின் முரண் நீங்கும். அவள் முதற்படத்திலேயே மாயையில் தங்கியவள். நலமுற்றவன் உண்மையைத் துறப்பது தாழ்ச்சி. உடலே சிறையாகிப் போனவர்க்கு அதே கனவு கருணை. கற்பனையைக் கொள்பவர் எந்நிலையில் நிற்கிறார் என்பதே அதன் தகுதியை முடிவு செய்கிறது.

இம்மீட்சிக்கு ஒரு விலை இருந்தது. புதுக்கதையைத் தொகுக்க மூலப்படத்தின் நெகட்டிவ் வெட்டப்பட்டது. முழுமையான வடிவம் ராடன்பெரியிடம் இருந்த கறுப்பு வெள்ளைப் படியில் மட்டுமே நெடுநாள் எஞ்சியது. 1986இல் வண்ணமும் கறுப்பு வெள்ளையும் கலந்து வீடியோ நாடாவாக வெளியானது. விடுபட்ட வண்ணச் சுருள்கள் பின்னர்க் கிடைக்க, 1988 அக்டோபரில் 'கூண்டு' முழு வண்ணத்தில் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. எடுத்து முடித்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஜெஃப்ரி ஹன்டர் அதனைக் காணவில்லை. 1969இல் தம் 42ஆம் வயதில் அவர் மறைந்துவிட்டார்.

2019இல் 'ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி' தொடர் பைக்கையும் வீனாவையும் அக்கோளையும் மீண்டும் கதைக்குள் கொணர்ந்தது. 2022இல் தொடங்கிய 'ஸ்டிரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ்' பைக்கையே தலைவனாகக் கொண்டது. அவனருகே அந்தத் துணைத்தலைவியும் தன் இடத்தில் நின்றாள். தனக்கு நேரவிருக்கும் ஊனத்தை முன்பே கண்டறிந்த பின்னும் கடமையில் நிற்பவனாக இப்பைக் படைக்கப்பட்டான். 1965இல் விலக்கப்பட்டவர்களுக்கு ஐம்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொடர் கிடைத்தது.

இவ்வரலாற்றில் எளிதில் மறக்கப்படும் ஒரு செய்தி உண்டு. கூண்டு திறந்தபின், பாழ்பட்ட மண்ணைத் திருத்த நட்பு முறையில் உதவுவதாகப் பைக் கூறுகிறான். காப்பாளர் அதனை ஏற்கவில்லை. தம் மாயக்கலையை மனிதர் கற்றால் தம்மைப் போலவே அழிவர் என்பது அவர் அச்சம். தம் இனம் பிழைக்கக் கடைசி வாய்ப்பு எது என அறிந்தும் அதனை அவர் கைவிடுகிறார். கற்பனையின் ஆற்றலை முற்றும் அறிந்த அப்படத்துப் பாத்திரம் அவர் ஒருவரே. அதன் ஆபத்தை முற்றும் அறிந்தவரும் அவரே.