சாய்ந்த சுவரும் பெரியாறு அணையும்

ஹனஃபீ மத்ஹபின் பாடநூலாகிய ஹிதாயாவில், உயிரீட்டுத் தொகையைக் கூறும் பகுதியில், சாய்ந்த சுவருக்கென்றே ஒரு பாடம் உண்டு. மர்கீனானீ இமாம் (மறைவு கி.பி. 1197) அதில் கூறும் சட்டத்தின் சாரம் இதுவாகும். நேராக எழுப்பிய சுவர் பின்னாளில் பொதுவழிப் பக்கம் சாய்ந்தால், அதனை அகற்றுமாறு உரியவரிடம் கோர வேண்டும். கோரிய பின், அவகாசம் இருந்தும் அவர் வாளாவிருக்க, சுவர் விழுந்து சேதம் நேர்ந்தால் ஈடு செய்வது அவர் பொறுப்பு. தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டியிருந்தால் எச்சரிக்கையின்றியே அவர் பொறுப்பாளி. கோரும் உரிமை அவ்வழியே செல்லும் எவருக்கும் உண்டு. அவர் முஸ்லிமா, பிற சமயத்தவரா என்பது அங்கே கேள்வியன்று.

கம்பம் பள்ளத்தாக்கில் இப்பாடத்தை நடத்தும்போது மாணவர் மனம் முல்லைப் பெரியாற்றுக்குச் செல்வது இயல்பே. 1886 அக்டோபரில் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, பென்னிகுவிக் கட்டி முடித்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பெற்றது. அதன் நீரால் இப்பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் விளைகிறது. அணையின் கற்களைப் பிணைப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும். சுர்க்கி என்பது சுட்ட செங்கல் தூள். சிவப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். எகிப்தியக் கொத்தர் இதனையே ஹும்ரா என்பர். அரபியில் அதுவும் சிவப்பே!

அந்நாளில் தர நிர்ணய அமைப்பு என்று ஒன்று கிடையாது. பிரிட்டனில் பொறியியல் தரக் குழு 1901இல்தான் தோன்றியது. சிமெண்டுக்கான அதன் தரவிதி 1904இல் வந்தது. இந்தியத் தர நிறுவனம் பிறந்தது 1947இல். கல்லணை தன் எடையால் நிற்கிறது என்பதைப் பென்னிகுவிக் தலைமுறை நன்கறிந்திருந்தது. ஆனால் அடித்தளத்திலும் இணைப்புகளிலும் கசியும் நீர் அச்சுவரை மேல்நோக்கித் தூக்கும் என்பது அன்றைய கணக்கில் இடம்பெறவில்லை. 1895 ஏப்ரல் 27இல் பிரான்சின் பூஸே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோதே பொறியியல் உலகம் அப்பாடத்தைக் கற்றது. அப்போது நம் அணை திறப்பு விழாவை எதிர்நோக்கி நின்றது. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரவிதி 1962இலும், கல்லணை வடிவமைப்புக்கான விதி 1972இலும் வெளிவந்தன. ஆகவே இது தொடக்கத்திலேயே சாய்வாகக் கட்டிய சுவரன்று. நேராகக் கட்டப்பட்டதே; தூக்குக்குண்டுதான் பின்னர் நுட்பமாயிற்று.

1979 ஆகஸ்டில் குஜராத்தின் மோர்வி அணை உடைந்த ஆண்டிலேயே கேரளத்தின் கோரிக்கை வலுத்தது. மத்திய நீர் ஆணையத்தின் ஆலோசனைப்படி நீர்மட்டம் 136 அடிக்கு இறக்கப்பட்டது. அணையின் தலைமேல் கான்கிரீட் பாரம் ஏற்றினர். எஃகு வடங்களால் சுவரை அடிப்பாறையோடு இறுக்கினர். முதுகுப்புறம் கான்கிரீட் அணைவு கொடுத்தனர். கசிவுநீரை வடிக்கும் சுரங்கவழியும் அமைந்தது. நீர் தூக்கும் விசைக்கு இவை யாவும் விடையாகும். நீதியரசர் ஏ.எஸ். ஆனந்த் குழு சோதனைகள் நடத்தி, வெள்ளம், கட்டுமானம், நிலநடுக்கம் ஆகிய மூன்று நோக்கிலும் அணை பாதுகாப்பானதே என 2012இல் அறிக்கை அளித்தது. 2014 மே 7இல் உச்சநீதிமன்றம் 142 அடியை உறுதிசெய்ய, அவ்வாண்டு நவம்பரில் நீர் அம்மட்டத்தைத் தொட்டது.

அணையைப் பற்றி எவர் வினவினாலும், நம் தண்ணீரைத் தடுக்கும் சூழ்ச்சி என்று இப்பள்ளத்தாக்கில் கூறிவிடுகிறோம். ஹிதாயா அதற்கு இடமளிக்காது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் உறங்குபவன், நூலில் வரும் வழிப்போக்கனைவிட உரிமை மிக்கவன். பழையது என்ற ஒன்றையே குற்றமாக்கி, செய்த வேலையையும் சோதனையையும் காணாதிருப்பதும் நீதியன்று. 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பே, எஞ்சிய பலப்படுத்தும் பணிகள் முடிந்து, சுயேச்சையான நிபுணர்கள் மறுபடி ஆராய்ந்த பின்னரே 152 அடி என்று கூறியது.