‘எஃப்.ஏ. வரை படித்தவர்’

1857 செப்டம்பரில் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது வகுப்பறை கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் போல அது தேர்வு நடத்தும், பட்டம் கொடுக்கும். பாடம் சொல்வது கல்லூரிகளின் பாடு. பட்டத்துக்கு ஏறும் படிகள் மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வு, பி.ஏ. ஆங்கிலம் கற்றவருக்கு அரசு வேலையில் முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் 1844இலேயே அறிவித்துவிட்டதால் ஒவ்வொரு படிக்கும் சந்தையில் ஒரு விலை இருந்தது. வழுக்கி விழுந்தவர்களும் ஏறிய உயரத்தை விட்டுக்கொடுக்கவில்லை, ‘பி.ஏ. பெயில்’ என்று போட்டுக்கொண்டார்கள். இன்று கேட்டால் சிரிப்பு வரும். குமாஸ்தா தேடுபவருக்கோ, இவருக்குக் கடிதம் எழுத வரும் என்பதற்கு அதுவே சான்று.

இந்த ஏணியில் சிக்கியவர்களில் பெயர் நிலைத்தவர் சீனிவாச ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. கைகூடவில்லை. கணக்கில் எவ்வளவு வாங்கினாலும் மற்ற பாடங்களிலும் தேறியாக வேண்டும். உடலியல் அவருக்குப் பிடிக்கவே இல்லை.

1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தில், மெட்ரிகுலேஷன் தேறியதும் எஃப்.ஏ. வரை படித்ததும் இருக்கின்றன. சில சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்றும் இருக்கிறது. ‘பெயில்’ என்ற சொல் மட்டும் இல்லை. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரை உடன் போனது. மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாயில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை.

மறு ஆண்டு, ராமானுஜனின் கணக்குகளைக் கண்ட கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டியின் கடிதம் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தபின், பல்கலைக்கழகமே சங்கடத்தில் மாட்டியது. ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டதாரிகளுக்குத்தான் என்பது விதி. ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று அதன் சட்ட முகவுரை சொல்வதைத் நீதிபதி சுந்தரம் ஐயர் எடுத்துக்காட்ட, மாதம் 75 ரூபாய் இரண்டு ஆண்டுக்குக் கிடைத்தது. விதியை வளைக்க விதிப்புத்தகத்தின் முதல் பக்கமே உதவியது என்பது ரசிக்கத்தக்கது. ஆனால் பட்டம் இல்லாதவருக்காகப் பேசியவர்கள் பட்டமும் பதவியும் உள்ளவர்கள். சான்றிதழின் இடத்தை அவர்களுடைய வாக்கு பிடித்துக்கொண்டது. அப்படிச் சொல்ல ஆள் இல்லாத எஃப்.ஏ. பெயில்கள் கச்சேரிகளில் பேரேடு எழுதினார்கள்.

பிறகு கேம்பிரிட்ஜுக்குப் போன ராமானுஜனுக்கு அந்தப் பல்கலைக்கழகம் 1916 மார்ச்சில் ஆய்வின் பேரில் பி.ஏ. வழங்கியது. 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அவர் ஊர் திரும்புமுன், சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையை அறிவித்தது.