இரண்டு இருட்டுகளும் ஒரு கணக்கும்

1965, 2003 ஆகிய இரு ஆண்டுகளிலும் ரொறன்ரோ இருண்டது மின்சாரம் போதாமல் அல்ல. வலையமைப்பின் அந்நேர நிலை கணக்கில் இல்லாததால். 1965 நவம்பர் 9 மாலை 5.16க்கு, நயாகரா ஆற்றங்கரையிலுள்ள சேர் அடம் பெக் 2ஆம் நிலையத்திலிருந்து ரொறன்ரோ பக்கம் போகும் ஐந்து மின்தடங்களில் ஒன்றை ஒரு பாதுகாப்பு ரிலே துண்டித்தது. தடமும் பழுதில்லை, ரிலேயும் பழுதில்லை. முன்பு குறித்துவைத்த வரம்பை அன்றைய சுமை தாண்டிவிட்டது, அவ்வளவுதான். மற்ற நான்கும் சில விநாடிகளில் துண்டிக்கப்பட, வடக்கே போகவேண்டிய மின்சாரம் நியூயோர்க் பக்கம் திரும்பியது. சுமார் 3 கோடிப் பேருக்கு மின்சாரம் போயிற்று. சுமை வளர்ந்தபோது வரம்பைத் திரும்பக் கணக்கிடாததே குற்றம்.

அதற்கு மாற்றாக வந்தது நிலைக் கணிப்பு. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபிரெட் ஷ்வெப்பே 1970இல் அதன் கணிதத்தை வகுத்தார்: பிழை கலந்த பல அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வலையமைப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கணினி அனுமானிக்கும், பிறகு, எந்த ஒரு தடம் அறுந்தாலும் மற்றவை தாங்குமா என்று பார்க்கும். ஆனால் 2003 ஓகஸ்ட் 14 நண்பகல் கடந்ததும், ஒகையோவை மேற்பார்வையிட்ட அமைப்பில் தவறான தரவால் இந்தக் கணிப்பு பிசகியது. சரிசெய்த ஊழியர், அதைத் தானாக ஓடவிட மறந்து சாப்பிடப் போய்விட்டார். 2.14க்கு ஒகையோ மின் நிறுவனமான ஃபெர்ஸ்ட்எனர்ஜியின் அலாரம் மென்பொருளும் நின்றது. இரண்டு செயல்கள் ஒரே தரவை ஒரே கணத்தில் தொட்டதே காரணம். அலாரம் ஒலிக்காததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே ஊழியர்கள் எண்ணினர்.

மரங்களை வெட்டாததுதானே காரணம் என்பார்கள். மூன்று 345 கிலோவோல்ட் தடங்கள் மரங்களில் உரசித் துண்டிக்கப்பட்டது உண்மை. ஆனால் முதலாவது 3.05க்கு, மூன்றாவது 3.41க்கு, அங்கிருந்து பரவி ஒன்ராறியோ இருண்டதோ 4.10 அளவில். நிலை தெரிந்திருந்தால் ஒகையோவில் சிறிது சுமையைக் குறைத்து, 5 கோடிப் பேரைப் பாதித்த இருட்டைத் தவிர்த்திருக்கலாம். வேகமான கணினி போதும் என்பதும் பொருந்தாது. அன்று குறைந்தது வேகமல்ல, தரவின் நம்பகம். இன்றும் தரவில் இடைவெளி உண்டு: கூரைச் சூரியத் தகடுகள் பலவற்றின் உற்பத்தி, கட்டுப்பாட்டு அறைக்குத் தேவைக் குறைவாக மட்டுமே தென்படுகிறது. ஆகவே அளவீடுகளைப் பெருக்குவதோடு, கணக்கு நின்றுவிட்டால் உடனே அறிவிக்கும் தனிக் காவலும் வேண்டும். அதற்காகும் செலவை வீண் என்று தள்ளுவோர் 2.14க்கும் 4.10க்கும் இடைப்பட்ட நேரத்துக்குக் கணக்குச் சொல்லட்டும்.